பூட்டிக் கிடந்த நூலகமும் தீர்மான நோட்டும்: செங்கோட்டைப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் இளைஞர் பங்கேற்பு

நிகழ்வு ஆய்வு

ஊராட்சித் தலைவர்கள், ஊராட்சி செயலர்கள், கட்சிகளின் கிளைப் பொறுப்பாளர்கள், இளைஞர்களோடு வேலை செய்யும் அமைப்புகள் ஆகியோருக்காக இந்தப் பதிவு. ஊர், ஆட்கள், கட்சிகள் எதன் பெயரும் தரப்படவில்லை. கிராம ஊராட்சிகளுக்குப் பயிற்சி தரும் சிறு குழு ஒன்று இந்த நிகழ்வில் தொடக்கம் முதல் உடனிருந்தது.

பின்னணி

தென்காசி மாவட்டத்தில் செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாகக் கேரளாவுக்கு ஏறும் சாலையை ஒட்டி மலையடிவார ஊர்கள் பல உண்டு. அவற்றில் ஒன்று இது. நெல்லும் தென்னையும்தான் விவசாயம். பெண்களுக்கு நூறு நாள் வேலையும் பீடி சுற்றுவதும் வருமானம். இளவட்டங்களில் ஒரு பகுதி தென்காசி, திருநெல்வேலி கல்லூரிகளுக்குப் போகிறது. இன்னொரு பகுதி புனலூர், கொல்லம் பக்கம் ஓட்டல் வேலை, கட்டட வேலை, லோடு இறக்கும் வேலை என்று மலை தாண்டுகிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடுதான் இருந்தது. மலைக்கு இருபுறமும் சொந்தபந்தம் இருப்பதால் அந்தப் பக்கத்து நடப்பு இந்தப் பக்கம் தெரிந்தே இருக்கும். கேரளாவில் 21 வயதில் ஆர்யா ராஜேந்திரன் திருவனந்தபுரம் மேயரானதும், அதே வயதில் ரேஷ்மா மரியம் ராய் அருவாப்புலம் ஊராட்சித் தலைவரானதும் 2020 தேர்தலுக்குப் பின் இங்கே டீக்கடைப் பேச்சாக இருந்தன.

தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்தது. இந்த ஊராட்சியில் பெண் ஒருவர் முதல்முறையாகத் தலைவரானார். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் பதவிகளுக்கு உண்டு. ஆனாலும் தலைவர் எந்தக் கட்சிக்காரரின் ஆதரவில் ஜெயித்தார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பின்னால் வந்த சிக்கல்களில் பாதிக்கு இதுதான் வேர்.

2022 அக்டோபர் 2: வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

அன்றைய கிராம சபை காலை 11 மணிக்குக் கூடியது. மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் (கூட்டம் செல்லக் குறைந்தது வர வேண்டியவர்கள்) 200 பேர். நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களைக் கொண்டு அந்த எண்ணிக்கை நிரம்பியது. வந்தவுடனே கையெழுத்து, பிறகு அரை மணி நேரம் வாசிப்பு, பிறகு கலைதல். முப்பது வயதுக்குக் கீழே உள்ள ஆண்கள் உள்ளே ஒருவரும் இல்லை. இருபது பேர் போலக் கோயில் மதில் ஓரம் பைக்கில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளம்பெண்கள் மதிலோரத்தில்கூட இல்லை.

காரணம் கேட்டபோது வந்த பதில்கள் மூன்று வகை. "நாம சொல்லுகதையா எழுதப் போறாவ?" என்றார்கள் பலர். ஓட்டல் வேலைக்குப் போகிறவர்கள், அரசு விடுமுறை நாளில்தான் தங்களுக்குக் கூட்டம் அதிகம், லீவு கிடைக்காது என்றார்கள். மூன்றாவது பதில் மெதுவாகத்தான் வந்தது: ஆளுக்கொரு கட்சியின் இளைஞரணியில் இருக்கிறார்கள், கொடி கட்டுவதும் சுவரொட்டி ஒட்டுவதும் அவர்கள் வேலை, கிராம சபையில் கேள்வி கேட்டால் கிளைச் செயலாளர் அண்ணாச்சி வருத்தப்படுவார்.

இளைஞர்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. இந்த மதிலோரத்தில் அது பொய் என்று தெரிந்தது. அக்கறை இருந்தது, அதை வைக்க இடம் இல்லை.

2022 நவம்பர் 1: கூச்சலில் முடிந்த முதல் முயற்சி

அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகம் ஒன்று ஊரில் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நடந்துவந்த கிராம சபைகளோடு உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம் உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1-ம் 2022-இல் சேர்க்கப்பட்டன. அந்த நவம்பர் 1 கூட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் சேர்ந்து போய், நூலகத்தை ஏன் திறக்கவில்லை என்று கேட்டார்கள்.

கேட்ட விதம் கூட்டத்தைக் கலைத்தது. பொருள் நிரலில் இல்லாத விஷயம்; நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள்; ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். தலைவரின் உறவினர் ஒருவர் வாக்காளர் பட்டியலை எடுத்து, பேசியவர்களில் இரண்டு பேர் பெயர் அதில் இல்லை என்று காட்டி, "ஓட்டே இல்லாதவன் நியாயம் பேச வந்துட்டான்" என்றார். சட்டப்படி அவர் சொன்னதில் பிழை இல்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். தீர்மான நோட்டில் நூலகம் பற்றி ஒரு வரியும் ஏறவில்லை. வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. கிளைச் செயலாளர் பையன்களின் அப்பாக்களுக்குப் போன் செய்தார். ஒரு வாரத்தில் பாதிப் பேர் ஒதுங்கிவிட்டார்கள்.

பெரும்பாலான ஊர்களில் கதை இங்கேயே நின்றுவிடும். மிச்சமிருந்தவர்களில் இருவர் பயிற்சிக் குழுவிடம் வந்து, அடுத்து என்ன செய்வது என்று கேட்டதால் இங்கே நிற்கவில்லை.

முதல் முடிவு: பட்டியலில் பெயர்

மனு எழுதுவதற்கு முன் ஒவ்வொருவரின் பாகம் எண், வரிசை எண் எழுதிய நோட்டு ஒன்று தயாரானது. இதை முதலில் செய்யச் சொன்னதற்குக் காரணம், நவம்பரில் கேட்ட அந்த ஒரு வசவு மறுபடி எழக்கூடாது என்பதே. சரிபார்த்ததில், 18 முடிந்தும் பதியாதவர்கள், தாய்மாமன் ஊரில் பெயர் இருப்பவர்கள், கல்யாணம் ஆகி வந்தும் பிறந்த ஊரிலேயே ஓட்டு வைத்திருக்கும் பெண்கள் என்று பலர் அகப்பட்டார்கள். புதியவர்களுக்குப் படிவம் 6, இடம் மாறியவர்களுக்குப் படிவம் 8 கொடுக்கப்பட்டது. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் நான்கும் தகுதி நாட்கள், அதாவது 18 முடிந்திருக்கிறதா என்று பார்க்கும் நாட்கள். 17 முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். இது ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கட்சிக்காரர்களுக்கும் தெரியவில்லை என்பதுதான் வருத்தம். பூத் வேலைக்கு ஆள் தேடுகிற கட்சிகள், அந்த ஆளின் சொந்த ஓட்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

கூடும் நேரமும் அப்போதே மாறியது. முதலில் இரவு ஏழு மணிக்கு, மண்டபத் திண்ணையில் கூடினார்கள். பெண்பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு மகளிர் சுய உதவிக் குழுக் கட்டடத்தில் என்று மாற்றியதும் கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். கடைசிவரை நின்றவர்களில் பெண்களே அதிகம் என்பதால், இந்தச் சிறு மாற்றத்தைப் பெரிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது முடிவு: பூட்டைத் திறந்து எண்ணிப் பார்ப்பது

"திறக்கச் சொல்லிக் கேட்குமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்" என்பது அடுத்த யோசனை. தலைவரின் வாய்மொழி அனுமதியோடு, ஊராட்சி செயலர் (ஊரில் அவரை கிளார்க் என்பார்கள்), அந்த வார்டு உறுப்பினர், இளைஞர்கள் நால்வர் சேர்ந்து திறந்தார்கள்.

உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டைகள், தெருவிளக்குப் பட்டிகள், கழற்றிப் போட்ட கைப்பம்புக் குழாய்கள். இரும்பு பீரோ ஒன்றில் புத்தகங்கள். கீழ் இரண்டு தட்டும் கரையான் தின்றுவிட்டிருந்தது, மேல் தட்டு நன்றாகவே இருந்தது. வடகிழக்கு மூலையில் கூரை ஒழுகிய தடம். கட்டணப் பாக்கியில் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. இவ்வளவையும் நாற்பது பக்க நோட்டில் வரிசையாக எழுதி, செயலரிடமும் வார்டு உறுப்பினரிடமும் கையெழுத்து வாங்கினார்கள்.

அன்றைக்குத் தெரிந்த முக்கியமான விஷயம் வேறொன்று. செயலர் நூலகத்தை எதிர்ப்பதாக ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்தச் சரக்கையெல்லாம் நான் எங்க கொண்டு வைக்க தம்பி?" ஊராட்சிக்கு வேறு கிட்டங்கி இல்லை. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியடியில் இருந்த பழைய மோட்டார் அறைக்குக் கதவு போட்டால் சரக்கை மாற்றலாம் என்று தொட்டி இயக்குபவர் சொன்னார். அந்தக் கதவு திட்டத்தில் சேர்ந்தது. இடம் இல்லாததை அரசியல் எதிர்ப்பாகப் படித்திருந்தால் சண்டை இன்னும் ஒரு வருஷம் நீண்டிருக்கும்.

மூன்றாவது முடிவு: எந்தப் பணத்தில்

கிராம சபையில் வைக்கும் வரவு செலவுப் பலகையை இளைஞர்கள் முதல்முறையாகப் படித்தார்கள். ஊராட்சிக் கணக்குகளைக் காட்டும் அரசு இணையதளமான இ-கிராம் ஸ்வராஜில் தங்கள் ஊராட்சியின் செலவுச் சீட்டுகளைப் பார்க்கக் கற்றார்கள். அப்போது வந்துகொண்டிருந்த பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் கட்டப்பட்ட நிதி, அதாவது குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டியது. மிச்சம் 40 சதவீதம், கட்டப்படாத பகுதி, அதுதான் ஊரின் மற்றத் தேவைகளுக்கு; அதிலும் சம்பளம் தர முடியாது. முதல் வரைவில் பையன்கள் "நிதிக்குழு மானியத்தில் நூலகர் நியமித்து" என்று எழுதியிருந்தார்கள். அப்படியே போயிருந்தால், "விதிகளுக்கு உட்பட்டது அல்ல" என்ற ஒரே வரியில் திரும்பியிருக்கும்.

கட்சிகளோடு செய்துகொண்ட உடன்பாடு

குழுவில் மூன்று கட்சிகளின் இளைஞரணிப் பையன்கள் இருந்தார்கள். கட்சியையே விட்டுவிடுங்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். பயிற்சிக் குழு அதை ஏற்கவில்லை. ஊராட்சிக்கு மேலே ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி எல்லாமே கட்சி வழியாக நடப்பவை. இளைஞனைக் கட்சியிலிருந்து விலக்கி வைத்தால் அந்த வாசல்கள் அவனுக்கு மூடிக்கொள்ளும்; கட்சிக்குள்ளும் பழைய ஆட்களே முடிவெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே முடிவு இப்படி அமைந்தது: அவரவர் கட்சியை மறைக்க வேண்டாம். நூலகத்துக்குள் கொடி, துண்டு, தலைவர் படம் கூடாது. எந்த மனுவிலும் குறைந்தது இரண்டு கட்சிக்காரர், கட்சி சாராத இரண்டு பேர் கையெழுத்து இருக்க வேண்டும். மூன்று கிளைச் செயலாளர்களையும் மனு போகுமுன் நேரில் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். கடைசி நிபந்தனை பையன்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நவம்பரில் அப்பாக்களுக்குப் போன அந்தப் போன் ஜனவரியில் போகாததற்கு அதுவே காரணம்.

2023 ஜனவரி 26

ஒரு வாரம் முன்பே தலைவரிடம் மனு கொடுத்து நகலில் ஒப்புகை வாங்கியாயிற்று. மனுவில் நவம்பர் மாதத்து "உடனே திறக்க வேண்டும்" இல்லை. தீர்மானத்தின் வாசகமே எழுதப்பட்டிருந்தது: "ஊராட்சி நூலகக் கட்டடத்தின் கூரை ஒழுக்கைச் சரிசெய்யவும், மோட்டார் அறைக்குக் கதவு அமைத்து ஊராட்சிப் பொருட்களை அங்கு மாற்றவும், ஒன்றியப் பொறியாளரிடம் மதிப்பீடு பெற்று ஊராட்சி பொதுநிதி அல்லது நிதிக்குழு மானியத்தின் கட்டப்படாத பகுதியிலிருந்து செலவிடவும், நிலுவை மின்கட்டணத்தைச் செலுத்தி இணைப்பைப் புதுப்பிக்கவும் இச்சபை தீர்மானிக்கிறது."

பேசியது ஒரே ஒருவர், கல்லூரி மாணவி. சரக்குப் பட்டியலை வாசித்தார், வாசகத்தை வாசித்தார், உட்கார்ந்துவிட்டார். சுய உதவிக் குழுப் பெண்கள் ஆதரித்தார்கள். சாயங்காலம் பிள்ளைகள் படிக்க வெளிச்சமுள்ள ஓர் இடம் அவர்களுக்கும் தேவை. கூட்டத்துக்கு வந்திருந்த பற்றாளர் (கிராம சபையைப் பார்வையிட அனுப்பப்படும் அலுவலர்) முன்னிலையில் தீர்மானம் எண்ணோடு நோட்டில் ஏறியது. எழுதியதைத் திரும்ப வாசிக்கும்படி இளைஞர்கள் கேட்டுக்கொண்டார்கள். வாசிப்புக்கு முன்பே கையெழுத்து வாங்கும் பழக்கம் பல ஊர்களில் இருப்பதால், இந்த ஒரு வேண்டுகோளை எங்கும் மறக்கக் கூடாது.

தொடர்ந்து வந்த தடங்கல்

கிராம சபை தீர்மானித்தாலும் செலவுக்கு, தலைவரும் வார்டு உறுப்பினர்களும் சேர்ந்த ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அங்கே வேலை நின்றது. ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் காலனி வார்டின் பெண் உறுப்பினர், "எங்க தெருவுல வாறுகால் இல்லாம நாறுது, ஒங்களுக்கு லைப்ரரியா கேக்கு?" என்றார். அவர் கேட்டது முழுக்க நியாயம். இளைஞர் குழுவில் அதுவரை காலனியிலிருந்து ஒருவரும் இல்லை. யாரும் திட்டமிட்டு ஒதுக்கவில்லை. கோயில் மதிலோரம் நிற்கிற கூட்டத்திலிருந்து பிறந்த குழு என்பதால், அந்த மதிலோரம் நிற்க முடியாதவர்கள் குழுவிலும் இல்லை. பொது ஊர் என்று பேசுகிற இளைஞர் அமைப்புகள் தமிழ்நாட்டில் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உடைகின்றன.

குழு காலனிக்குப் போய்ப் பேசியது. அங்கிருந்து ஐந்து பேர் சேர்ந்தார்கள். கணக்கைப் படித்திருந்தது இப்போது கைகொடுத்தது. கழிவுநீர் வாறுகால் சுகாதாரத்துக்கான கட்டப்பட்ட நிதியில் வரும். நூலகம் பொதுநிதியில் வரும். ஒன்று மற்றொன்றின் பணத்தைத் தின்னாது. 2023 மே 1 கிராம சபையில் வாறுகாலுக்கான தீர்மானத்தைக் காலனி இளைஞர் ஒருவர் வைத்தார். நூலகக் குழு மொத்தமும் வந்திருந்து ஆதரித்தது. அடுத்த மன்றக் கூட்டத்தில் இரண்டும் நிறைவேறின.

இதே சமயத்தில் மலை தாண்டி வேலை பார்க்கும் பையன்கள் கேரள முறை ஒன்றைச் சொன்னார்கள். அங்கே கிராம சபை வார்டு வாரியாகக் கூடும், வார்டு உறுப்பினர்தான் கூட்டுவார். இங்கே ஊராட்சி முழுவதற்கும் ஒரே சபை என்பதால் தள்ளியுள்ள தெருக்களின் குரல் கேட்பதில்லை. அதன்பின் ஒவ்வொரு கிராம சபைக்கும் முந்தின ஞாயிறு, வார்டு உறுப்பினர்களை வைத்துத் தெருக்கூட்டம் நடத்தினார்கள். அதற்குச் சட்டத் தகுதி எதுவும் இல்லை. மனு தயாரிக்கும் கூட்டம், அவ்வளவே. அதற்கே நல்ல பலன் இருந்தது.

முடிவு

மதிப்பீடு, கூரை, கதவு, மின் இணைப்பு முடிந்து 2023 ஆகஸ்ட் 15 அன்று நூலகம் திறந்தது. திறப்பு விழாப் பிளக்ஸில் யார் படம் என்பதில் தகராறு வந்தது. பிளக்ஸே வேண்டாம், தலைவரம்மா பூட்டைத் திறந்தால் போதும் என்று முடிவானதும் ஒரு கட்சியின் பையன்கள் விழாவுக்கு வரவில்லை. அவர்களில் இருவர் பிறகு திரும்பினார்கள்.

மாலை ஐந்தரை முதல் எட்டு மணி வரை திறந்திருக்க முறைப்பட்டியல் போட்டார்கள். மூன்று மாதத்தில் ஆட்கள் குறைந்தார்கள். யார் நின்றார்கள், யார் போனார்கள் என்று பார்த்தால் விடை தெளிவு: எழுதிய பொறுப்பு இருந்தவர்கள் நின்றார்கள். சாவிக்கு ஒருவர், புத்தகப் பதிவேட்டுக்கு ஒருவர், மனு ஒப்புகைகளைக் கோப்பில் வைக்க ஒருவர் என்று பெயர் எழுதியிருந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று விட்ட வேலைகள், சுற்றுச்சுவருக்கு வெள்ளையடிப்பது உட்பட, நடக்கவே இல்லை. வாறுகால் வேலை பாதித் தெரு வரைக்கும்தான் முடிந்தது. மீதிக்கு மனு நிலுவையில் இருக்கிறது.

ஜனவரியில் பேசிய மாணவி நூறு நாள் வேலைத் திட்டத்தின் சமூகத் தணிக்கையில் (வேலையையும் கூலியையும் மக்களே சரிபார்க்கும் முறை) கிராம வள நபராகச் சேர்ந்து, பக்கத்து ஊராட்சிகளுக்குத் தணிக்கைக்குப் போகிறார். ஒருவர் தன் கட்சியின் வாக்குச்சாவடி முகவரானார். கொடி கட்டும் வேலையைத் தாண்டி அந்தக் கட்சியில் அவருக்குக் கிடைத்த முதல் பொறுப்பு அது. இன்னொருவர் கிளைக் கூட்டத்தில் கணக்குக் கேட்டதற்காக ஓரங்கட்டப்பட்டு, கட்சி மாறினார். ஊராட்சியில் வரவு செலவைப் படிக்கப் பழகியவன் கட்சியிலும் அதையே கேட்பான். கட்சிகள் இதற்குத் தயாராக வேண்டும்.

அடுத்த ஊரில் மாற்றிச் செய்ய வேண்டியவை

காலனி உள்ளிட்ட எல்லா வார்டுகளிலிருந்தும் இரண்டிரண்டு பேர் சேராமல் முதல் மனுவை எழுதக் கூடாது. இங்கே மே மாதம் செய்ததை டிசம்பரிலேயே செய்திருந்தால் மன்றக் கூட்டத்தில் மாதங்கள் வீணாகியிருக்காது.

வெளியூர் வேலைக்காரர்களை வாராந்தரக் கூட்டத்துக்கு இழுக்க முயல்வது வீண். அவர்களுக்குத் தளத்தில் செலவுச் சீட்டுகளைப் பார்த்து மாதம் ஒருமுறை குழுவில் பகிரும் வேலையைத் தரலாம். அதைப் புனலூரில் இருந்தும் செய்யலாம். இங்கே ஒருவர் செய்துகொண்டிருக்கிறார்.

தேர்தலில் நிற்கும் பேச்சை முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். ஓட்டுப் போட 18, ஊராட்சியில் போட்டியிட 21. இந்த இடைவெளி மூன்று ஆண்டும் பயிற்சிக் காலம். 2021 தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு வைப்புத்தொகை 200 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 100 ரூபாய்தான். தலைவர் பதவிக்கு 600, 300. பணம் தடையாக வருவது அதற்குப் பிறகு, பிரச்சாரச் செலவில். ஆனால் வேட்புமனு நாளில் ஆளைத் தடுமாற வைப்பவை சின்னச் சின்னக் காகிதங்கள்: அப்பா பெயரில் இருக்கும் வீட்டு வரி ரசீது, குடிநீர்க் கட்டணப் பாக்கி, அதே வார்டு வாக்காளராக இல்லாத முன்மொழிபவர். எந்த வார்டு யாருக்கு ஒதுக்கப்படும் என்பது அறிவிப்பு வரும்வரை தெரியாததால், ஒரு வார்டுக்கு ஒருவர் என்று குறித்து வைக்காமல் ஒவ்வொரு வார்டிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தயாராக இருக்க வேண்டும். இந்த ஊரில் அந்தப் பட்டியலில் இப்போது காலனி வார்டுக்கு மட்டும் இரண்டு பெயரும் நிரம்பியிருக்கிறது.